மாகறல் பதிகத்துக் குழல்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்குச் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். அவ்வூர்த் திருமாகறலீசுவரர் கோயிலைப் பற்றி எழுதுபவர்கள் அனைவரும் தவறாமல் குறிப்பிடுவது, உடும்பின் வால் போன்று சிறுத்த அங்குள்ள இலிங்கத்தை. நான் சொல்ல வந்தது அதைப் பற்றியன்று. இத்தலத்துக்கு உரிய திருஞானசம்பந்தர் பதிகத்தில் வரும் ஒரு கருவியைப் பற்றியே எழுத நினைத்தேன்.

மூன்றாம் திருமுறையின் எழுபத்திரண்டாம் பதிகம் அது. பண் சாதாரி. படிக்கத் தொடங்கியதும் ஒன்று புலப்படும். சம்பந்தர் இந்த ஊரைக் கண்ணால் கண்டதைவிடக் காதால் கேட்டதே அதிகம். முதல் பாடலில் கழனியில் வேலை செய்யும் பெண்களின் பாட்டும் விளையாட்டு ஆரவாரமும் கேட்கின்றன. இரண்டாம் பாடலில் கலைகளின் ஒலியும் மங்கையரின் பாடலொலியும். மூன்றாம் பாடல் வழிபாட்டு வேளையின் கருவிகளை வரிசைப்படுத்துகிறது: துந்துபி, சங்கு, குழல், யாழ், முழவு.

துந்துபியும் சங்கும் முழவும் தத்தம் போக்கில் முழங்கலாம். குழலும் யாழும் அப்படியல்ல. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் ஒலித்தால் ஒன்றோடொன்று சுருதி சேர்ந்தாக வேண்டும். யாழின் நரம்பை இறுக்கலாம், தளர்த்தலாம். மூங்கிலில் இட்டுவிட்ட துளையை நகர்த்த முடியாது. அப்படியானால் ஏழாம் நூற்றாண்டில் மாகறலில் ஒலித்த குழலுக்குச் சுருதி கூட்டியது எப்படி? யார்? எதைக் கொண்டு? இதற்கு நேரடியான கல்வெட்டுச் சான்று ஏதும் காட்ட என்னால் இயலாது. ஆனால் மாகறலைச் சுற்றியுள்ள தொண்டை நாட்டையும், அதன் ஊடே ஓடும் ஆற்றையும் பாடிய நூல்களில் ஆச்சரியப்படும் அளவுக்குச் செய்திகள் கிடைக்கின்றன.

முதலில் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். இன்று செய்யாறு என வழங்கும் இந்த ஆறு சவ்வாது மலையில் பிறந்து, மாகறலைக் கடந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. பத்துப்பாட்டில் இதன் பெயர் சேயாறு. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர்களை இந்த ஆற்றையொட்டியே வழிநடத்துகிறது. பாட்டின் தொடக்கத்தில் அக்கூத்தர்கள் சுமந்து செல்லும் கருவிகள் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. அவற்றில் காற்றுக் கருவிகள் மட்டும் பல. யானையின் பெருமூச்சுப் போல் ஒலிக்கும் நெடிய தூம்பு ஒன்று. இனிய குழல் ஒன்று. இவற்றுக்கு இடையே, இளி என்னும் சுரத்தை ஒலிக்கும் குறுந்தூம்பு ஒன்று.

இந்தக் குறுந்தூம்பு என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழில் இளி ஐந்தாவது. இன்றைய பஞ்சமம். மற்ற கருவிகளுக்கு ஓசையின் தன்மையைச் சொன்ன புலவர் இதற்கு மட்டும் சுரத்தின் பெயரைச் சொல்கிறார். சிலப்பதிகார உரைகாரர் அடியார்க்கு நல்லார், இளிக்குப் பட்டடை என்றொரு பெயர் உண்டு என்றும், எல்லாப் பண்ணுக்கும் அதுவே அடிமணை என்றும் விளக்குவார். ஒரு சுரத்திலிருந்து அதன் பஞ்சமத்தைக் காண்பது, அந்தப் பஞ்சமத்திலிருந்து அடுத்த பஞ்சமத்தைக் காண்பது என்று ஏழு நரம்பையும் அமைத்துவிடலாம். காது எளிதில் தவறு செய்யாத இடைவெளி அது. ஆகவே இளியில் நிற்கும் ஒரு சிறு ஊதல், கூத்தர் கூட்டத்துக்குச் சுருதி காட்டும் கருவியாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். இன்று மேடையேறுமுன் பாடகர் சுருதிப் பெட்டியைத் தேடுவது போல.

இரண்டாவது சான்று, காஞ்சியை நோக்கிய வழியில் கிடைக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் பாட்டு. வழியில் முல்லை நிலத்து இடையன் ஒருவன் வருகிறான். தீக்கடைகோலைக் கையால் கடைந்து நெருப்பு உண்டாக்குகிறான். புகையும் அந்தக் கொள்ளியாலேயே குழலில் துளையிடுகிறான். துளையின் வாய் கருகிக் கறுத்திருக்கிறது. அந்தக் குழலில் பாலைப் பண்ணை வாசிக்கிறான். அது சலித்துப் போனதும், உள்ளே புழையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, வில்யாழ் ஒன்று செய்து குறிஞ்சிப் பண்ணை இசைக்கிறான். வண்டுகள் அதைத் தம் இனத்தின் ஒலி என்று எண்ணிச் செவிகொடுக்கின்றன.

வீட்டில் செய்த குழலைப் பற்றி இதைவிடத் துல்லியமான பழஞ்செய்தி ஒன்றை நான் படித்ததில்லை. இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி மூங்கிலில் துளையிடுவதுதான் இன்றும் குழல் செய்வோர் வழக்கம். துரப்பணத்தால் குடைந்தால் மூங்கிலின் நார் பிளக்கும். சுட்டால் விளிம்பு இறுகிக் கருகி நிற்கும். கருந்துளை என்பது அழகுக்காகச் சேர்த்த அடைமொழியன்று என்று இதனால் தெரிகிறது.

இந்தப் பகுதியில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. இடையன் பண்ணை மாற்ற விரும்பியபோது கருவியையே மாற்றுகிறான். குழலில் பாலை, யாழில் குறிஞ்சி. சலிப்பு என்று புலவர் காரணம் சொல்லிவிட்டார். அதன் பின்னால் கைவினைஞனின் காரணம் ஒன்றும் இருக்கலாம். ஒரு பண்ணுக்கென்று சுட்ட துளைகள் இன்னொரு பண்ணுக்கு எளிதில் இணங்குவதில்லை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் கொன்றை, ஆம்பல், முல்லை என்று மூன்று தீங்குழல்கள் வருகின்றன. இவை கருவிகளின் பெயர்களா, பண்களின் பெயர்களா என்று பழைய உரையிலேயே விவாதம் உண்டு. ஒரு குழல், ஒரு பண் என்றிருந்த காலம் ஒன்று இருந்திருந்தால் இந்த விவாதம் எழுவது இயல்புதான். கருவியின் பெயரும் பண்ணின் பெயரும் அப்போது ஒன்றாகவே இருந்திருக்கும்.

இனி அளவுகளுக்கு வருவோம். அரங்கேற்று காதையில் குழலோனின் இலக்கணம் சொல்லும் இடத்தில் அடியார்க்கு நல்லார் குழலைச் செய்யும் முறையை விரிவாகத் தருகிறார். உ.வே.சாமிநாதையர் 1892இல் இந்த உரையோடு சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்திராவிட்டால் நமக்கு இவை கிடைத்திரா. மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்தாலும் குழல் செய்யலாம். மூங்கில் உத்தமம், வெண்கலம் மத்திமம், மற்றவை அதமம். ஆனால் மூங்கில் பொழுதுக்கேற்ப மாறக்கூடியது, வெண்கலம் வன்மையானது, மரமோ எப்போதும் ஒத்து நிற்பது என்பதால், தம் காலத்தில் மரத்தையே கொள்வார்கள் என்றும், அதிலும் கருங்காலியே பெருவழக்கு என்றும் சொல்கிறார். உத்தமம் என்று நூல் சொல்வது ஒன்று. வாசிப்பவர்கள் தேர்ந்தது வேறொன்று. இதை மறைக்காமல் எழுதியதற்காகவே அவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

மரத்தைத் தேர்வதிலும் நிதானம் வேண்டும். பல திசைக் காற்றும் வந்து மோதாத இடத்தில் வளர்ந்த, இளசும் முற்றலும் அல்லாத மரத்தை வெட்டி நிழலில் ஓராண்டு ஆறவிட வேண்டும். முறுக்குதலும் பிளத்தலும் இல்லை என்று உறுதியான பிறகே கருவி செய்யத் தொடங்கலாம். நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல். குடைந்தபின் எஞ்சும் சுவர் நெல்லரிசியில் பாதிக் கனம். ஒரு முனையை வெண்கலத்தால் அடைக்க வேண்டும். அடைத்த முனையிலிருந்து இரண்டு விரல் விட்டு வாய்த்துளை. அதிலிருந்து ஏழு விரல் விட்டு, மறுமுனையில் இரண்டு விரல் நீக்கி, நடுவே எஞ்சும் ஒன்பது விரலில் எட்டுத் துளைகள். அவற்றுள் ஒன்று முத்திரை என்று ஒதுக்கப்படும். மற்ற ஏழில் இடக்கையின் மூன்று விரல்களும் வலக்கையின் நான்கு விரல்களும் பொருந்தும்.

இன்றைய கருநாடக இசைக் குழலைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய முகமாகத் தோன்றும். வாய்த்துளை நீங்கலாக எட்டுத் துளைகள். விரல் வைப்பது ஏழில். கடைசித் துளை திறந்தே கிடக்கும். எண்ணூறு ஆண்டுகளில் இந்த ஏற்பாடு மாறவில்லை.

சிக்கல் இடைவெளியில்தான் இருக்கிறது. துளைகளுக்கு இடையே ஒரு விரலகலம் என்பது உரையின் கணக்கு. எல்லாத் துளைகளுக்கும் அதே இடைவெளி. ஆனால் சுரங்கள் சம தூரத்தில் அமைவதில்லை. குழலின் ஓசை, அதனுள் அதிரும் காற்றுத் தூணின் நீளத்தைப் பொறுத்தது. வாய்த்துளையிலிருந்து 15 விரல் தூரத்தில் ஒரு விரல் குறைத்தால் நீளத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான் குறையும். சுரம் ஏறத்தாழ அரைச்சுர அளவு உயரும். 8 விரல் தூரத்தில் அதே ஒரு விரலைக் குறைத்தால் எட்டில் ஒரு பங்கு போய்விடும். அது ஒரு முழுச்சுரத்தையும் தாண்டிய ஏற்றம். துளையின் அகலத்தையும் சுவரின் கனத்தையும் சேர்த்தால் இந்தக் கணக்கு சற்று மாறும். ஆனாலும் சம இடைவெளியில் ஒரே அளவான துளைகளை இட்டால் எந்தப் பாலையும் தானாகக் கிடைத்துவிடாது என்பது உறுதி.

அப்படியென்றால் உரைகாரர் தவறிவிட்டாரா? நான் அப்படி நினைக்கவில்லை. விரல் இடைவெளி, கை எளிதாக அமர்வதற்கான அளவு. சுருதிக்கான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

குழல் செய்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதலில் வாய்த்துளையை இட்டு, எல்லாம் மூடிய நிலையில் வரும் ஆதார ஓசையைக் கேட்பார்கள். ஓசை தாழ்வாக இருந்தால் திறந்த முனையைச் சிறிது சிறிதாக அறுப்பார்கள். அறுத்ததை ஒட்ட முடியாது என்பதால் மூங்கிலை எப்போதும் கொஞ்சம் நீளமாகவே எடுத்துக்கொள்வது வழக்கம். பிறகு விரல் துளைகள். ஒவ்வொன்றையும் வேண்டிய அளவைவிடச் சிறியதாகச் சுட்டு, ஊதிக் கேட்டு, அரத்தாலோ உப்புத்தாளாலோ அகலப்படுத்துவார்கள். துளை பெரிதானால் சுரம் ஏறும். வாய்த்துளையின் பக்கமாக அராவினால் இன்னும் ஏறும். மிஞ்சிப் போய்விட்டால் விளிம்பில் தேன்மெழுகை அப்பிக் குறைக்கலாம். ஒரு துளையைத் திருத்தினால் அண்டைத் துளையின் ஓசையும் சற்று அசையும் என்பதால், கடைசித் துளை முடிந்ததும் மறுபடி முதல் துளைக்கு வரவேண்டியிருக்கும்.

இதையெல்லாம் ஓர் அளவுகோலில் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த மூங்கிலில் அப்படியே இட்டால் என்ன? திருவிழாக் கடைகளில் கழியில் செருகி விற்கும் குழல்களை அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு குழல்களை வாங்கி ஊதிப் பாருங்கள், ஒன்றோடொன்று சேராது. ஒரு மூங்கிலின் உட்குழி போல் இன்னொன்றுக்கு இருப்பதில்லை. ஒரே மூங்கிலிலும் ஒரு கணுவிலிருந்து மறு கணுவுக்குள் புழை குறுகிச் செல்லும். அளவுகோல் நீளத்தை மட்டுமே அறியும்.

பொழுதுக்கேற்ப மூங்கில் மாறும் என்பதையும் இன்றைய அறிவோடு பொருத்திப் பார்க்கலாம். ஈரத்தில் மூங்கில் ஊதும், வறட்சியில் சுருங்கும், சில வேளை விரியல் விடும். ஆறிய கருங்காலி இந்த விஷயத்தில் மேலானது. ஆனால் குழலுக்குள் இருக்கும் காற்றுக்கு மரமும் மூங்கிலும் ஒன்றுதான். வெப்பம் 25 பாகையிலிருந்து 35 பாகைக்கு ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1.7 விழுக்காடு கூடும். சுரம் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உயரும். வாசிப்பவரின் மூச்சுச் சூடு இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் குறைக்கும், முழுதும் நீக்காது. மார்கழி விடியலில் சேர்ந்திருந்த குழல் சித்திரை நண்பகலில் சேராமல் நிற்பது இதனால்தான். கருங்காலிக் குழல்காரருக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்கும்.

ஆக, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் குழலின் சுருதி செய்பவன் கையில் முடிவதில்லை. இதை நன்றாக உணர்ந்து எழுதியவர் சேக்கிழார். அவரும் தொண்டை நாட்டுக்காரர், குன்றத்தூரில் பிறந்தவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில் ஆனாய நாயனார் புராணம் முழுவதும் ஒரு குழலிசைதான். குழல் செய்த முறைக்கு அவர் ஒதுக்குவது ஒரே பாட்டு: மூங்கிலின் நுனியிலும் அடியிலும் எவ்வளவு அரிந்து நீக்குவது, துளைகளை எப்படி நிரலாக்குவது, விரலளவில் இடையீடு எப்படி அமைப்பது. அதன் பின் பாட்டுக்குப் பாட்டு அவர் சொல்வது விரலையும் உதட்டையும் பற்றி. மந்தரம், மத்திமம், தாரம் மூன்றிலும் ஓசையை மெலிவித்தும், சமன் செய்தும், வலிவித்தும், இடைப்பட்ட நிலைகளில் விரல்களை அளவறிந்து அசைத்தும் ஆனாயர் வாசிக்கிறார். ஒரு பண்ணை மாற்றி முல்லைப் பண்ணை ஆக்குகிறார். வாயும் துளைவாயும் ஒன்றோடொன்று தொடக்குண்டு கிடக்கின்றன. பெரும்பாணாற்றுப்படையின் இடையன் பண்ணை மாற்றக் கருவியை மாற்றினான். சேக்கிழாரின் இடையர் அதே குழலில், விரலாலேயே பண்ணை மாற்றிவிடுகிறார்.

துளையைப் பாதி மூடினால் சுரம் இறங்கும். உதட்டை வாய்த்துளைமேல் சற்று உருட்டினால் தாழும், விலக்கினால் ஏறும். மூச்சை அழுத்தினாலும் ஏறும். சம இடைவெளித் துளைகளின் குறையையும், பொழுதின் மாறுபாட்டையும் இந்த மூன்றாலும் வாசிப்பவர் கணந்தோறும் சரிசெய்கிறார்.

இப்போது மாகறலுக்கே திரும்பி, குழலுக்குப் பக்கத்தில் இருந்த யாழைப் பார்க்கலாம். சிலப்பதிகார அரங்கேற்றத்தில் யாழ் குழலைத் தொடர்கிறது, தண்ணுமை யாழைத் தொடர்கிறது. குழலுக்கு முதலிடம் கொடுத்ததைப் பெருமையின் வரிசை என்று கொள்பவர்கள் உண்டு. நான் அதை நடைமுறையின் வரிசை என்றே கொள்வேன். திருத்த முடியாத கருவி எதுவோ அதற்குத்தான் மற்றவை சுருதி கூட்டியாக வேண்டும். யாழின் நரம்பு இணங்கும், முழவின் வாரும் இணங்கும். குழல் இணங்காது. இன்றைய மேடையிலும் குழல்காரர் நாலரைக் கட்டைக் குழலை எடுத்தால் வயலின்காரர் முறுக்காணியைத் திருகுகிறார், மிருதங்கக்காரர் கல்லால் தட்டிச் சேர்க்கிறார். கட்டைக்கு ஒன்றாகக் குழல்காரர் ஒரு கட்டுக் குழல்களைத் தூக்கிவருவதும் இதனால்தான்.

ஆனால் வரலாற்றில் நடந்தது வேறு. இணங்கிக்கொடுத்த யாழ் வழக்கொழிந்தது. இணங்காத குழல் நிலைத்தது. சம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகத்தைத் தம் யாழில் அடக்க முடியாமல் அவர் கருவியையே உடைக்கப் போனதாகச் சேக்கிழார் சொல்கிறார். யாழுக்கு நரம்புக்கு ஒரு சுரம். வாசிக்கும் முன் எப்படி வேண்டுமானாலும் சுருதி கூட்டலாம். வாசிக்கத் தொடங்கியபின், இரண்டு நரம்புகளுக்கு இடையில் இருக்கும் ஓசையை எட்டுவது கடினம். குழலோ வாசிக்கும் முன் எதற்கும் வளையாது. வாசிக்கும்போது ஒவ்வொரு மூச்சிலும் சுருதி கூட்டப்படும். குரலின் அசைவை நாடிய நம் இசைக்கு இரண்டாவது கருவியே உகந்தது என்று காலம் முடிவு செய்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. வீணையும் பின்னாளில் அதைத்தான் செய்தது. மெட்டின்மேல் நரம்பை இழுத்து இடை ஓசைகளை எட்டியது.

குழலும் எளிதில் பிழைத்துவிடவில்லை. கச்சேரி மேடையில் தனிக் கருவியாக அதற்கு இடம் பெற்றுத் தந்தவர் கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904). குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். அவருக்குப் பின் அவர் சீடர் பல்லடம் சஞ்சீவராவ் (1882–1962). பிறகு திருவிடைமருதூரில் பிறந்த மாலி என்கிற டி.ஆர்.மகாலிங்கம் (1926–1986). விரலின் தசைப்பகுதியால் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடி, வாய்ப்பாட்டின் கமகங்களை மாலி குழலில் கொண்டுவந்தார். சேக்கிழார் ஆனாயருக்குச் சொன்ன விரல் தொழிலை இருபதாம் நூற்றாண்டுக் காதுகள் மாலியிடம் கேட்டன எனலாம்.

இன்று கைபேசிச் செயலியின் முள் நடுவில் நிற்கும்வரை துளையை அராவிக் குழல் செய்கிறார்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை. வாங்குபவருக்கு அது உதவியே. ஆனால் அந்த முள் பெரும்பாலும் மேற்கத்திய சமப் பகுப்பின்படி நிற்பது. தம்பூராவோடு இயல்பாக இழையும் அந்தரகாந்தாரம் அந்த முள் காட்டுமிடத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. முள்ளை நம்பிய குழலையும் கடைசியில் உதடுதான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

சம்பந்தர் கேட்ட மாகறல் குழல் மூங்கிலா கருங்காலியா என்பதைப் பதிகம் சொல்லவில்லை. அதைத் துளையிட்டவர் பெயரும் ஊதியவர் பெயரும் இல்லை. சேயாற்றின் தலைமாட்டு மலையில் விளைந்த ஒரு மூங்கில், யாரோ ஒருவரின் தீயில் துளைபட்டு, அன்றைய காலையின் குளிருக்கு ஏற்ப யாரோ ஒருவரின் உதட்டில் சற்றே உருண்டு, பக்கத்திலிருந்த யாழுக்குச் சுருதி கொடுத்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறேன். அடுத்த முறை அந்த மூன்றாம் பாடலைப் பாடக் கேட்கும்போது, பட்டியலில் மூன்றாவதாக வரும் அந்தச் சொல்லில் கொஞ்சம் நின்று செல்லுங்கள்.